டைப்ஸ்கிரிப்ட்: ரெண்டு அரேயைச் சேர்த்தா 'நெவர்' எரர், அவசரம்!

செந்தூல்_கோடர்: நாசி கண்டார் கடைகளைக் காட்டுற வெப் பக்கம். பினாங்கு லிஸ்ட் ஒரு ஏபிஐல (டேட்டா தர்ற சர்வீஸ்) வருது, கேஎல் (கோலாலம்பூர்) லிஸ்ட் இன்னொண்ணுல. ரெண்டு அரேயையும் (வரிசைப் பட்டியல்) கான்கேட் பண்ணி ஒண்ணாச் சேர்த்தா எடிட்டர்ல சிவப்புக் கோடு. டைப் பார்க்காத வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல ஒழுங்கா ஓடுச்சு. இன்னிக்கு ராத்திரி ஏத்தணும், யாராவது பாருங்க.

ஜெலுத்தோங்: எரர் முழுசா என்ன சொல்லுது? ஸ்ட்ரிக்ட் (டைப்பைக் கறாராப் பார்க்கிற செட்டிங்) ஆன்ல இருக்கா? அரேயை எங்க டிக்ளேர் பண்ணீங்க?

பிறை77: புஷ் பண்ணி (அதே அரேயோட கடைசில சேர்த்து), திரும்பி வர்றதை வேரியபிள்ல வெச்சிருப்பீங்க. புஷ் அரேயைத் தராது, புது நீளத்தைத்தான் தரும். எப்பவும் இதேதான் லா.

ஜெலுத்தோங்: அவர் கான்கேட்னுதான சொல்றாரு?

பழைய_கை: கையேட்டை யாரும் தொடுறதில்லை. படிக்காம 'எனி' (எந்த டைப்பும் சரிங்கிறது) போட்டுத் தப்பிக்கிற கூட்டம் வளர்ந்துக்கிட்டே போகுது.

செந்தூல்_கோடர்: ரியாக்ட்லதான் (திரையை வரையிற லைப்ரரி) எழுதுறேன். லிஸ்ட்டை வெச்சிருக்கிற யூஸ்ஸ்டேட்ல ஆரம்பத்துக்கு [] (காலி அரே) மட்டும்தான் குடுத்தேன். கான்கேட்<நெவர்>னு ஏதோ வருது.

ஜெலுத்தோங்: அங்கதான் சிக்கல். ஸ்ட்ரிக்ட்ல வெறும் [] குடுத்தா நெவர்[]னு, அதாவது எந்த மதிப்புக்கும் இடமில்லாத அரேன்னு எடுத்துக்கும், அதுக்குள்ள எதுவுமே நுழையாது. யூஸ்ஸ்டேட்<கடை[]>([])னு போடுங்க. அப்புறம் [...பினாங்கு, ...கேஎல்]னு ஸ்ப்ரெட் (மூணு புள்ளி) போட்டுச் சேருங்க.

ஆனா ரெண்டு ஏபிஐயும் ஒரே வடிவமா தருதா? திறக்கிற நேரம் ஒண்ணுல ஸ்ட்ரிங் (எழுத்து), இன்னொண்ணுல நம்பர்னா கான்கேட் மறுபடி முரண்டு பிடிக்கும், முதல் அரேயோட டைப்பைத்தான் அது விடாமப் பிடிச்சுக்கும். ஸ்ப்ரெட் சத்தமில்லாம யூனியனா (இதுவோ அதுவோங்கிற டைப்பா) ஆக்கிடும், அப்புறம் நேரத்தைக் காட்டுற இடத்துல வந்து கடிக்கும். சேர்க்கிறதுக்கு முன்னாடியே மேப் போட்டு (உருப்படிகளை ஒவ்வொண்ணா மாத்தி) ரெண்டையும் ஒரே 'கடை' வடிவத்துக்குக் கொண்டுவாங்க.

பிறை77: பெரிய லிஸ்ட்ல ஸ்ப்ரெட் ஸ்டாக்கை (ஃபங்ஷன் ஓடுற மெமரி) வெடிக்க வைக்கும், ஜாக்கிரதை.

பழைய_கை: வெடிக்கிறது புஷ்(...பெரிசு). ஒவ்வொரு உருப்படியும் தனி ஆர்கியுமெண்ட்டாப் போகுது, அதனால. [...அ, ...ஆ]வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரெண்டையும் குழப்பாதீங்க.

பிறை77: சரி, ஆனா புஷ்தான் வேகம். புது அரே எதுக்கு?

பழைய_கை: ஸ்டேட்ல புஷ் பண்ணி அதே அரேயைத் திருப்பிக் குடுத்தா ரியாக்ட் மாற்றம் இல்லைன்னு விட்டுடும். திரையில புதுக் கடை வராது. வேகத்தை வெச்சு என்ன பண்றது?

பங்சார்_வாசி: ரெண்டு லிஸ்ட்லயும் ஒரே கடை இருந்தா? செட் (ஒரே மதிப்பை ரெண்டு தடவை வெச்சுக்காதது) போட்டா ரெட்டிப்பு போயிடுமா?

ஜெலுத்தோங்: போகாது. செட் ஆப்ஜெக்டோட ரெஃபரன்ஸைத்தான் (மெமரில அதே ஆப்ஜெக்டான்னு) ஒப்பிடும், ஐடியைப் பார்க்காது. ஐடியைச் சாவியா வெச்சு ஒரு 'மேப்' ஆப்ஜெக்ட்ல (சாவி-மதிப்பு ஜோடி, மேல சொன்ன மேப் இல்லை) போடுங்க. அதே ஐடி மறுபடி வந்தா, பின்னாடி வந்தது நிக்கும்.

செந்தூல்_கோடர்: சிவப்பு போச்சு. ஏத்திட்டேன். நன்றி அண்ணே.

ஜெலுத்தோங்: நேரம் ஸ்ட்ரிங்கா, நம்பரா?

பிறை77: ஆளு கிளம்பிட்டாரு.