கடுவன் பூனை வாடை, ஆத்தங்குடிக் கல்லில்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. எங்க கடுவன் இரண்டாம் கட்டுத் தேக்குத் தூணடியில் மூத்திரம் பீய்ச்சி வைக்குது. அப்பத்தா பினாயில் ஊத்துச்சு. இப்ப ரெண்டு நாத்தமும் சேர்ந்து அடிக்குது. நான் வினிகர் தெளிச்சேன், தரையில் பதிச்ச ஆத்தங்குடிப் பூக்கல்லில் பச்சை வெளுத்து வட்டமா நிக்குது. என்ன செய்யலாம்?

பதில் 1: வினிகரா! அது சிமெண்டுக் கல்லுங்க, புளிப்பு ஆகாது. பினாயிலும் வேண்டாம், பூனை பாதத்தை நக்கினா விஷம். மூத்திர வாடையைச் சிதைக்கிற என்சைம் கிளீனர் வாங்கி, ஓரமா சோதிச்சுட்டு, ஊறவிட்டுத் துடைங்க. தேய்க்காதீங்க.

பதில் 2: கருத்தடை செஞ்சாச்சா? எங்க கடுவன் அதுக்கப்புறம் ஒரு மாசத்துல நிறுத்திருச்சு.

கேட்டவர்: இல்லண்ணே. அப்பத்தா "பாவம்டா"ங்குது.

பதில் 2: தூணைக் கழுவுறதும் அப்பத்தாதானே? கேட்டுப் பாருங்க. பூனை வெளிக்குப் போற மண் தட்டையும் தினம் அள்ளிச் சுத்தம் பண்ணுங்க.