அப்பாவுக்கு பிபி குறையவே மாட்டேன் என்கிறது, 30 வருடம் பேட்டரி வேலை. ஈயம் காரணமாக இருக்குமா?

பீளமேட்டுப் பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. கோவையில் ஒரு பேட்டரி ரிப்பேர் கடையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறார். பழைய லாரி பேட்டரியைப் பிரித்து பிளேட்டை எடுப்பது, ஈயத்தை உருக்கி டெர்மினல் ஊற்றுவது எல்லாம் அவர் கையால்தான். மதியச் சாப்பாடும் அதே மேசையில். மாலையில் வீட்டுக்கு வந்தால் சட்டைக் காலர் மடிப்பிலும் பாக்கெட் ஓரத்திலும் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும், அம்மா அதை எங்கள் துணியோடு சேர்த்தே ஊறவைப்பார்.

பிபி வந்து பத்து வருடம். அம்லோடிபின், டெல்மிசார்டன், இப்போது மூன்றாவதாக ஒரு நீர் மாத்திரையும் போட்டும் 160/96-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.5. போகிற இடத்தில் எல்லாம் உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்கிறார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர்கூட கேட்டதில்லை. இப்போது ஒரு சொந்தக்காரர், உடம்பில் உலோகம் சேர்ந்திருக்கிறது, பத்து முறை டிரிப் ஏற்றினால் சுத்தமாகிவிடும், அப்புறம் பிபி மாத்திரையே வேண்டாம் என்று ஓர் இடத்தைச் சொல்கிறார். அப்பா கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகனுக்கு 3 வயது, தாத்தா வந்ததும் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொள்வான். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபேக்டரி நர்ஸ் எழுதியது:

சகோதரி, முதலில் அந்த டிரிப்பை நிறுத்திவையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நான் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் பல வருடம் இருந்தவள். அப்பாவுக்குச் செய்ய வேண்டியது ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை, பிளட் லெட் என்று கேளுங்கள். கையில் நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தம்தான் சரி. முடியை வெட்டிக் கொடுங்கள் என்றாலோ, உலோகத்தை வெளியே இழுக்கும் மருந்து கொடுத்துவிட்டு அதன்பின் சிறுநீரைப் பிடித்துப் பார்க்கிறோம் என்றாலோ வேண்டாம். அந்த மருந்து கொடுத்தால் யார் சிறுநீரிலும் உலோகம் கூடுதலாகத்தான் வரும், அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ரத்தம் எடுக்கும் முன் கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், தோலில் இருக்கும் தூள் ஒட்டினால் கணக்கு தப்பாகிவிடும்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் ஈயம் பாதியாக ஒரு மாதம் போதும், ஆனால் எலும்பில் போய்ப் படிந்தது வருடக்கணக்கில், சிலருக்கு இருபது முப்பது வருடம்கூட இருக்கும். பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அதனால் நாளைக்கே வேலையை விட்டாலும் அளவு மெதுவாகத்தான் இறங்கும், எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பேரனுக்கும் கட்டாயம் ரத்தம் பாருங்கள். தரையில் தவழ்ந்து விளையாடி விரலை வாயில் வைக்கும் வயசு. 5 மைக்ரோகிராமுக்கு (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. வேலைத் துணி தனி வாளி, செருப்பு வாசலோடு, வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, அப்பா குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் குழந்தை உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்பா பீடி சிகரெட் பிடிப்பாரா? அந்தக் கையோடு பற்றவைத்தால் தூள் நேராக வாய்க்குள். புகையிலையில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கிறது, அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் லேசில் வெளியே வராது.

பொது மருத்துவம் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னது எல்லாம் சரி. நான் பிபி பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

ஈயம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், அதில் சந்தேகம் இல்லை. ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் மெல்ல அரிக்கும். பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினரின் எலும்பில் இருக்கும் ஈயத்தை அளந்து 1996-ல் வெளியிட்டார்கள், எலும்பில் அதிகம் இருந்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் அதிகம். ஆனால் எவ்வளவு கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ரத்தத்தில் ஈயம் இரண்டு மடங்கானால் மேல் அளவு சராசரியாக ஒரு புள்ளிதான் ஏறுகிறது. 160-ல் முப்பது புள்ளியும் ஈயத்தால் வந்தது, அதை உறிஞ்சி எடுத்தால் 130 ஆகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஈயத்தைக் கண்டுகொள்ள வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பிபி மீட்டரில் தெரிவது கொஞ்சம்தான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கெடுதல் அதைவிடப் பெரியது. அமெரிக்காவில் 14,000-க்கும் அதிகமான பெரியவர்களை ஏறத்தாழ இருபது வருடம் தொடர்ந்த ஆய்வு 2018-ல் வந்தது, ரத்தத்தில் ஈயம் கூடியவர்களில் இதயநோயால் இறப்பும் கூடுதலாக இருந்தது. 2023-ல் அமெரிக்க இதய சங்கம் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதயநோய்க்கான ஆபத்துகளாக எடுத்துச் சொன்னது. ஏற்கெனவே பிபி இருப்பவருக்கு ரத்தக்குழாயும் சிறுநீரகமும் ஒரு பக்கம் அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன, இந்த உலோகம் அதே இடத்தில் இன்னொரு அடி. கிரியாட்டினின் 1.5 என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. சிறுநீரில் அல்புமின், யூரிக் ஆசிட், ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி வேலை, பிபி, கால் பெருவிரல் வீங்கி வலிக்கும் கௌட் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் ஈயத்தை நினைக்காமல் விடக்கூடாது.

டிரிப் விஷயம். அதில் ஏற்றுவது பெரும்பாலும் இடிடிஏ, உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2013-ல் கொஞ்சம் நம்பிக்கை தந்தது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம். அவர்களிடம் மட்டும் திரும்பச் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் இறங்கியது, மாரடைப்போ இறப்போ குறையவில்லை. இடிடிஏ-யில் இரண்டு வகை உண்டு, தப்பான வகையை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழும். அப்படி மூன்று பேர் இறந்ததை அமெரிக்க அரசு 2006-ல் பதிவு செய்திருக்கிறது, அதில் இரண்டு பேர் குழந்தைகள். சரியான வகைகூட, ஈயம் மிக அதிகமாக இருந்து அறிகுறியும் இருந்தால் மருத்துவமனையில் படுக்கவைத்துக் கொடுக்கும் சிகிச்சைதான். வேலை அப்படியே தொடர, வாரம் ஒரு டிரிப் ஏற்றுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கும்பகோணம் சமையல் எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை, வீட்டுப் பாத்திரத்தையும் பாருங்கள். ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருந்தால் அது வெள்ளீயமாக (டின்) இருக்க வேண்டும், காரீயம் (இங்கே பேசும் அதே ஈயம்) கலந்து விற்கிறார்கள். எங்கள் வீட்டுச் சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் இழுத்தேன், பென்சில் மாதிரி கருப்பாகக் கோடு விழுந்தது, அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டேன். கோடு விழாததால் மட்டும் நல்லது என்று சொல்ல முடியாது, கலப்பைச் சோதனை செய்தால்தான் தெரியும். புளி ஊற்றிக் கொதிக்கவைக்கும் பாத்திரம் என்பதால் சொல்கிறேன். இண்டாலியம், பித்தளைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் சாப்பாட்டில் இறங்குகிறது என்று 2025-ல் அமெரிக்க உணவுத் துறையே எச்சரித்தது, அதில் நம் ஊரிலிருந்து போனவையும் உண்டு.

பழைய பேட்டரிக்காரர் எழுதியது:

அம்மா, நானும் அந்த வேலை பார்த்தவன். அப்பாவுக்கு அடிக்கடி வயிற்றுப்பிடிப்பு, மலச்சிக்கல் உண்டா என்று கேளுங்கள், ஈறு ஓரத்தில் நீலக் கோடு தெரிகிறதா பாருங்கள். எனக்கு மணிக்கட்டு தொங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஈய விஷம் தொழிலாளர் சட்டத்தில் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிற நோய், நஷ்டஈட்டுக்கான பட்டியலிலும் இருக்கிறது. ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். வேலையை விட முடியவில்லை என்றால் உருக்குவதையாவது விடச் சொல்லுங்கள், அந்தப் புகைதான் ரொம்ப மோசம்.

பீளமேட்டுப் பெண் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ரத்தத்தில் ஈயம் அப்பாவுக்கு 34 மைக்ரோகிராம் வந்தது. மகனுக்கு 7. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை, டிரிப்புக்குப் போகும் பேச்சை அவரே விட்டுவிட்டார். புதிய டாக்டர் முதல் கேள்வியே வேலையைப் பற்றிக் கேட்டார். மருந்து கொடுத்து ஈயத்தை எடுக்கும் அளவுக்கு இல்லை, உருக்கும் இடத்திலிருந்து விலகினால் போதும், மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார். பிபிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார், நேற்று 148/90. அம்மாவுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.

அப்பா இப்போது கவுண்டர் பக்கம் பில் போடுகிறார், சம்பளம் குறைவுதான். வீட்டுக்கு வந்ததும் பின்வாசல் வழியாக நேராகக் குளிக்கப் போகிறார். மகன் பாத்ரூம் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாத்தா ஆச்சா, தாத்தா ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.