மூன்றாவது சுற்றில் இழுவை போய்விடுகிறது: சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு டர்போ போடலாமா?

கேள்வி

வணக்கம். துபாயில் இருக்கிறேன். என்னுடையது 2016 மஸ்டாங், 5 லிட்டர் வி8. போன குளிர்காலத்தில் 2.3 லிட்டர் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சின் பெல்ட்டில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) போட்டேன். பூஸ்ட், அதாவது காற்றின் கூடுதல் அழுத்தம், 8 பிஎஸ்ஐ. 98 ஆக்டேன் பெட்ரோல். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை.

மே மாதத்திலிருந்து ஆட்டோடிரோம் பந்தயத் தடத்தில் தொல்லை. அங்கே ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். முதல் இரண்டு சுற்றும் பறக்கிறது. மூன்றாவதில் நேர்ப்பாதைக்கு வந்து முழுதாக மிதித்தால், சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எஞ்சின் வெப்ப முள்ளும் நடுவிலேயே நிற்கிறது.

பொருத்திக் கொடுத்த பட்டறையில், "இந்த ஊர் வெயிலுக்குச் சூப்பர்சார்ஜர் தாங்காது, இரட்டை டர்போவுக்கு மாறுங்கள்" என்கிறார்கள். டர்போவும் காற்றை அழுத்துவதுதான், ஆனால் பெல்ட்டுக்குப் பதில் வெளியேறும் புகையில் சுழல்வது. அதற்கு ஆகும் செலவு என் இரண்டு வருடச் சேமிப்பு. மாறினால் தீருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

மூன்றாவது சுற்றில் பூஸ்ட் எவ்வளவு காட்டுகிறது? குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா, புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் அண்ணா. தூள் எதுவும் இல்லை. பூஸ்ட் கடைசி வரை 8-லேயே நிற்கிறது.

பதில் 2

தம்பி, பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள். அழுத்தம் குறையாமல் இழுவை மட்டும் குறைகிறது என்றால், உள்ளே போகும் காற்று கொதிக்கிறது. உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 11:1, அதாவது சிலிண்டர் தன் காற்றைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. அதில் சூடான காற்றை விட்டால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து எஞ்சினைக் கெடுப்பது) வரும். அது வராமல் இருக்க, எஞ்சினை நடத்தும் கணினியான இசியு, இக்னிஷன் டைமிங்கை (பொறி பற்றவைக்கும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிடும். உங்கள் கால் கேட்கும் சக்தியை அது தர மறுக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

டர்போ போட்டால் இந்தச் சூடு காணாமல் போய்விடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றை எதைக் கொண்டு அழுத்தினாலும் சூடேறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 டிகிரி காற்றை 8 பிஎஸ்ஐ அழுத்தினால், ரூட்ஸ் வகையில் ஏறக்குறைய 105 டிகிரியில் வெளியே வரும், நல்ல டர்போவில் 95-ஐ ஒட்டி வரும். வித்தியாசம் பத்து டிகிரிதான். மீதியை இறக்குவது, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் வேலை. புகாட்டி வேரானில் நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன். அந்தக் காருக்குப் பத்து ரேடியேட்டர் வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது. அதற்குத் தனித் தொட்டி, தனி பம்ப், முன்பக்கம் தனி ரேடியேட்டர். எஞ்சின் வெப்ப முள் இந்தத் தண்ணீரைக் காட்டாது. அடுத்த முறை மூன்றாவது சுற்று முடிந்ததும் பானட்டைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். முன் ரேடியேட்டருக்குப் போவதும் திரும்பி வருவதும் ஒரே கொதியாக இருந்தால் ரேடியேட்டர் போதவில்லை. போவது கொதித்து, வருவது சில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை, ஊர்கிறது. ஸ்கேனர் கிடைத்தால் இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3

நான் பதினோரு வருடமாக டர்போ ஓட்டுகிறேன், விரும்பித்தான் ஓட்டுகிறேன். சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்தே, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டிலிருந்தே, சக்தியைப் பிடுங்குகிறது. 707 குதிரைத்திறன் டாட்ஜ் ஹெல்கேட் காரில் அதைச் சுழற்ற மட்டும் உச்சத்தில் 80 குதிரைத்திறன் போகிறது. டர்போ வெளியேறும் புகையில் சுழல்வதால், ஆயிரத்தைத் தாண்ட நினைப்பவர்களுக்கு அதுவே வழி.

ஆனால் புகைக்கும் அது தடைதான், இலவசம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முழு வேகத்தில் டர்பைன் பக்கம் 900 டிகிரியைத் தொடும்; அந்த அனல் முழுக்க உங்கள் பானட்டுக்குள் இருக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது காலுக்கு உடனே பதில் கிடைப்பதும் சூப்பர்சார்ஜரில்தான். உங்கள் குறி 600 என்றால் இருப்பதைச் சரிசெய்யுங்கள்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

தண்ணீர்தான்! போகும் குழாயில் கை வைக்க முடியவில்லை. திரும்பி வரும் குழாய் கைச்சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பம்ப் ரீங்காரமிட்டது, ஆனால் தொட்டி மூடியைத் திறந்தால் தண்ணீரில் அசைவே இல்லை. இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம் 91 டிகிரி.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். தண்ணீர் நிரப்பும்போது குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். முன் ரேடியேட்டருக்கு மேலே ஒரு குழாய் கூனல் போட்டு ஏறி இறங்குகிறது. காற்று அங்கேதான் நின்றிருக்கிறது. அவர் குழாயைத் தாழ்த்திக் கட்டி, வாக்குவம் வைத்து உறிஞ்சி, மறுபடி நிரப்பினார். ஒன்றேகால் லிட்டர் கூடுதலாக உள்ளே போனது. இப்போது தொட்டிக்குள் தண்ணீர் சுழித்து ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

நேற்று மாலை 38 டிகிரியில் ஆறு சுற்று ஓட்டினேன். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 64-ஐத் தாண்டவில்லை. ஆறாவது சுற்றின் நேர்ப்பாதையிலும் முதுகு இருக்கையில் ஒட்டியது. குழாயைத் தொடச் சொன்ன அண்ணனுக்கு மிகவும் நன்றி. ஆகஸ்டுக்கு முன் பெரிய முன் ரேடியேட்டர் ஒன்று போடுகிறேன்.

பதில் 2

போடுங்கள் தம்பி. இரண்டு வாரம் ஓட்டிய பிறகு தொட்டி மட்டத்தை ஒருமுறை பாருங்கள். இறங்கியிருந்தால் இன்னும் காற்று மிச்சம் இருக்கிறது.