செய்தியை விட்டால்தான் மனிதர்கள் தெரிகிறார்களா?

இளவேனில்:
கொஞ்ச காலமாகச் செய்திச் சேனல், செய்திச் செயலி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். போர், வெள்ளம், கொலை, கட்சிச் சண்டை என்று கண் விழித்ததும் தலைக்குள் ஏற்றிக்கொண்டால், அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை.

இப்போது கீழ்வீட்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டும். எங்கள் கட்டடத்தில் நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு விடுகிறோம். தலையைச் சாய்த்துக் கீழிமையை மெல்ல இழுத்துப் பிடிப்பேன். சொட்டு விழுவதற்குள் அவர் கண்ணை இறுக்கிக்கொள்வார், மருந்து கன்னத்தில் வழியும். "வீணாப் போச்சேம்மா" என்று பதறுவார். அடுத்த சொட்டு சரியாக விழுந்ததும், மூக்கோரமாகக் கண்மூலையை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். அப்போது அவர் பேசுகிற பேச்சில் கிடைக்கிற நிம்மதி எந்தச் செய்தியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உலகம் கெட்டுப்போச்சு என்று செய்தி சொல்கிறது. எங்கள் மாடிப்படியில் அப்படித் தெரியவில்லை. செய்தியை விடுங்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

தெளிவன்:
நீங்கள் செய்கிற காரியத்துக்குக் கை கூப்புகிறேன். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

சொட்டு மருந்து என்றதும் 2023 ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் கண் வறட்சிக்கு விடுகிற ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தில், மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத பாக்டீரியா கலந்திருந்தது. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். அறுவைக்குப் பிறகு விடுகிற மருந்து வேறுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கேயும் எத்தனையோ பேருக்கு வீட்டு ஆட்களே அன்போடு சொட்டு விட்டிருப்பார்கள். "இந்தக் குப்பி கையில் இருந்தால் உடனே நிறுத்துங்கள்" என்ற எச்சரிக்கைதான் மற்றவர்களைக் காத்தது. அது வீடு வந்து சேர்ந்தது செய்தி வழியாகத்தான்.

நடைவழி:
தெளிவன், அந்த எச்சரிக்கையைப் படிக்க ஒரு நிமிடம் போதும். இளவேனில் விட்டது அந்த ஒரு நிமிடத்தையா, நாள் முழுக்க ஓடுகிற மீதியையா?

2013-ல் அமெரிக்காவில் நடந்த பாஸ்டன் மாரத்தான் ஓட்டப்பந்தயக் குண்டுவெடிப்பைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அந்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அதே செய்தியைப் பார்த்தவர்கள், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைச் சொல்லியிருந்தார்கள். குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்களைவிட! அதைப் படித்த பிறகுதான் நானும் இரவில் செய்தி பார்ப்பதை நிறுத்தினேன்.

இன்னொன்று. செய்தி நம் அக்கம்பக்கத்தைப் பற்றியே பொய்யான பயத்தை விதைக்கும். 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது, 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், யாரும் உதவவில்லை என்று ஒரு பெரிய நாளிதழ் எழுதியது. உண்மையில் சோஃபியா ஃபாரர் என்ற அண்டைவீட்டுப் பெண், கொலைகாரன் இன்னும் அங்கே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் ஓடிப்போய் அவரைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி குறைபாடுள்ளது என்று அதே நாளிதழ் எழுதியது 2016-ல். அரை நூற்றாண்டு! அதுவரை பாடப்புத்தகத்தில்கூட மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று படித்தோம். எனக்கு இது ஆறவே ஆறாத கோபம்.

தெளிவன்:
கோபம் நியாயம். ஆனால் அந்தத் தவறைத் தோண்டி எடுத்தவர்களில் செய்தியாளர்களும் இருந்தார்கள். நல்ல சேதியும் அந்த வழியில்தான் வருகிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை 2019-ல் ஆராய்ந்தார்கள். தெருவில் நடந்த 219 தகராறுகளில் பத்துக்கு ஒன்பதில், பக்கத்தில் நின்றவர்களில் ஒருவராவது தலையிட்டிருக்கிறார். மாடிப்படியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியுமா?

ஆதிரை:
இளவேனில், ஒரு கேள்வி. முறை வைத்துச் சொட்டு விடுகிற நாலைந்து பேரில் ஆண்கள் எத்தனை பேர்?

இளவேனில்:
யாரும் இல்லை. இரண்டு பேரைக் கேட்டேன். "கை நடுங்கும்" என்றார்கள்.

ஆதிரை:
கேட்டது இதற்காகத்தான். அக்கம்பக்கத்து அன்பு என்று எல்லாரும் மெச்சுகிற வேலையில் பெரும்பகுதி பெண்களின் தலையில் விழுகிறது, கணக்கில் வராமலே. அன்பு நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் தனியாக இருக்கும் முதியவருக்கு அறுவை முடிந்தால், வீட்டுக்கு ஒரு செவிலியர் வந்து பார்க்கிற ஏற்பாடு ஏன் இல்லை? மகனோ மகளோ வந்து தங்க விடுப்பு ஏன் கிடைப்பதில்லை? இதெல்லாம் சட்டமும் பட்ஜெட்டும் முடிவு செய்கிற விஷயம். செய்தியை விட்டவர்களுக்கு அந்த முடிவு எடுக்கப்படுவதே தெரியாது.

அப்புறம், கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, தங்கள் மணிக்கட்டை அவர் நெற்றியில் ஊன்றிக்கொண்டு விடச் சொல்லுங்கள், கை அசையாது. கைகழுவ வேண்டும், குப்பியின் நுனி இமையில் படக்கூடாது. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இளவேனில்:
நல்ல யோசனை, நாளைக்கே அவர்களைக் கூப்பிடுகிறேன். விடுப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வதையும் மறுக்கவில்லை. ஆனால் செய்தி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் எந்தச் சட்டத்துக்காகவும் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உள்ளே பொங்கிப் பொங்கி ஓய்ந்ததுதான் மிச்சம். இப்போது ஒருவருடைய கண் ஆறுகிறது. எனக்கு இருக்கிற சக்தி அதற்குத்தான் போதும்.

ஆதிரை:
உங்கள் சக்தியை நான் குறை சொல்லவில்லை. அப்படியானால் நாளும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு முறை வாசியுங்கள். விடுப்புக்காக அந்தக் கடிதத்தை நான் வரைகிறேன். உங்கள் கட்டடத்தில் முறை வைத்திருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?