வயது போகப் போகக் கண்ணில் படுகிறவை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முள்ளியவளையிலிருந்து, வயது 68

எல்லோருக்கும் வணக்கம். தீராத நோய் தீர்ந்தது, கனவில் அம்மன் வந்து சொன்னது போன்ற கதைகளை நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே கேட்பது அதைவிடச் சின்னது. வழமையான ஒரு நாளில், ஒரு நிமிடம் உங்களை அப்படியே நிற்க வைத்த ஏதாவது ஒன்று. என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து எங்கள் ஊர்க் காட்டு விநாயகர் கோவிலில் விளக்கு ஏற்றுவார்கள். எண்ணெய் விடுவதில்லை, கடல்நீரில் எரிகிற விளக்கு என்பது எங்கள் நம்பிக்கை. ஏழு நாள் அங்கே எரியும், அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். வன்னியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியூரில் இருப்பவர்களும் வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். சின்னப் பிள்ளையாக ஐயாவின் தோளில் இருந்து அந்த விளக்கைப் பார்த்திருக்கிறேன். படிப்பிக்கப் போன காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். எப்போது போனாலும் முன்னுக்குப் போய் நின்று பார்த்தால்தான் எனக்குப் போன மாதிரி இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அது முடியவில்லை. முழங்கால் நோவு. சனத்துக்குள் நெருக்கிக்கொண்டு போக உடம்பு இடம் தரவில்லை. பின்னுக்கு ஒரு மரத்தடியில் பாயைப் போட்டு இருந்துவிட்டேன். உள்ளே பறை கேட்கிறது, விளக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகையாகவும் வந்தது. இனி இப்படித்தானோ என்று.

பக்கத்தில் ஒரு அம்மா, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பாக்குச் சீவிக்கொண்டிருந்தா. பாதியை என்னிடம் நீட்டினா. நான் வெற்றிலை போடுவதில்லை, ஆனாலும் வாங்கினேன். "எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டேன். அவ பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்தா. பிறகு, "கதைக்கிற குரல்தான் பிடிபட்டது. நீங்கள் மெனிக் பாமில இருந்த டீச்சர் எல்லோ?" என்றா.

2009 இல், போர் முடிந்த நேரம், நாங்கள் செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம். தறப்பாள் கொட்டில், தண்ணீருக்கு வரிசை. அந்த வரிசையைப் பற்றி எனக்கு நினைவில் இருந்தது ஒரே ஒரு நாள்தான். என் வாளியை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று ஒரு பெண்ணோடு சண்டை பிடித்தேன். சொல்லக்கூடாத சொல் சொன்னேன். படிப்பிக்கிறவள், அத்தனை பேருக்கு முன்னால். அந்த வெட்கம் இத்தனை வருடம் என்னோடுதான் இருந்தது, வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த அம்மா வாய் திறந்ததும் நெஞ்சு பதறியது. அந்தப் பெண் இவதானோ என்று நினைத்துவிட்டேன்.

அவ சொன்னது வேறு. "என்ர பொடியனுக்குக் காய்ச்சல் காயுது. வரிசையில கடைசியில நிக்கிறன். நீங்கள் உங்கட வாளியை எடுத்திட்டு என்ர வாளியை அதில வைச்சு, நீங்கள் போய்க் கடைசியில நிண்டனீங்கள். பொடியன் இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஒவ்வொரு வைகாசியும் உங்கட பேர் தெரியாமலே உங்களுக்கும் சேர்த்து நேர்ந்து கற்பூரம் கொளுத்துறனான்."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. "நானாக இருக்காது அக்கா" என்று சொன்னேன். "குரல் மாறாது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பாக்கைச் சீவத் தொடங்கினா.

இப்போது எனக்கு மறதி வருகிறது. கண்ணாடியை வைத்த இடம், அடுப்பில் வைத்த பால், முன்பு படித்த பிள்ளைகளின் பெயர். முன்பு இது பயமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தப் பயம் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் பொத்தி வைத்திருந்தது என் சண்டையை மட்டும். நான் தவறவிட்டதை முன்பின் தெரியாத ஒரு மனுசி பதினைந்து வருடத்துக்குக் கிட்டத் தன்னோடு வைத்திருந்து, அந்த மரத்தடியில் கையில் தந்தா.

வற்றாப்பளைக் கதையை அம்மம்மா சொல்லும்போது, மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன் நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கிற பொடியன்களிடம் ஒரு கிழவியாகத்தான் வந்து இருந்தா என்பா. பசிக்குது என்று கேட்டா. பொடியன்கள் புக்கை பொங்கினார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை விட்டு ஏற்று என்றா. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னா, பார்த்தால் தலை முழுக்கக் கண். எனக்குச் சின்னதில் அந்தக் கண்கள்தான் பயம், இரவில் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வேன். இப்போது அந்தப் பொடியன்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வந்திருப்பது யாரென்று தெரியாமலே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

சரி, இது என்னுடையது. நீங்கள் எழுதுங்கள்.

*

முத்தையன்கட்டிலிருந்து, வயது 72

டீச்சர், வாசித்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேத்திதான் நான் சொல்லச் சொல்லத் தட்டுகிறா.

நான் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவன். போன காலபோகம், தை மாதம் முடிகிற நேரம், கதிர் முற்றி நிற்கிறது. இரவில் காவலுக்குப் பரணில் இருந்தேன். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள்தான். எனக்கு வீட்டில் நித்திரை வருவதில்லை, வயலில் என்றால் விழித்திருந்தாலும் மனம் ஆறுதலாக இருக்கும்.

நல்ல நிலவு. காட்டுக் கரையில் ஒரு யானை, காலுக்குள் ஒரு குட்டி. யானை வெடி கையில் இருந்தது. நெருப்புக்குச்சியைத் தட்டினால் பற்றவில்லை. இப்போது எனக்குக் கை நடுக்கம் இருக்கிறது, ஒரு குச்சி விழுந்தது, இன்னொன்று முறிந்தது. கை சரியாக இருந்திருந்தால் அந்த நேரம் வெடி போட்டிருப்பேன். நாற்பது வருடமாக அதைத்தான் செய்தேன், யானையை ஒரு நாளும் நின்று பார்த்தது கிடையாது. விரட்டினது மட்டும்தான்.

தாய் ஒரு பிடி நெல்லைச் சுருட்டிப் பிடுங்கி, வேரில் இருந்த மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டி உதறிவிட்டு வாயில் வைத்தது. எங்கள் மனுசிமார் கீரை பிடுங்கினால் செய்கிற மாதிரியே. குட்டியும் பிடுங்கியது. தட்டத் தெரியவில்லை. சேறோடு தன் முகத்தில் அடித்துக்கொண்டு நின்றது. தாய் அதன் தும்பிக்கையில் இருந்ததை வாங்கி, தட்டி, குட்டியின் வாயில் கொடுத்தது. நான் குச்சியைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தாங்களாகவே காட்டுக்குள் இறங்கிவிட்டன.

இதையும் சொல்ல வேண்டும். விடியப் போய்ப் பார்த்தால் பக்கத்து வயலில் அரை ஏக்கர் அளவில் மிதிபட்டுக் கிடந்தது. கடன் பட்டு விதைத்த பொடியன். அவனுக்கு முன்னால் போய் இரவு நான் கண்டது அழகு என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அரிவு வெட்டி முடிந்ததும் என் பங்கில் நாலு மூட்டை அவனுக்குக் கொடுத்தேன், ஏன் என்று சொல்லாமல். காட்டுப் பாதையில் இருக்கிற பிள்ளையாருக்கு வழமை போல ஒரு குழை முறித்து வைத்தேன். அப்போதும் கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை. முன்பெல்லாம் மழை, விலை, பிள்ளைகளின் வேலை என்று நீண்ட பட்டியல் இருக்கும்.

ஒட்டுசுட்டான் சிவன் கோவில் தான்தோன்றீஸ்வரரை முதலில் கண்டதும் ஒரு கமக்காரன்தான் என்பார்கள். குரக்கன் தாளுக்கு நெருப்பு வைத்தான், எரியவில்லை, ஏன் என்று பார்க்கப் போனான். அதனால் வேகாவனம் என்றும் பெயர். நெருப்புப் பற்றாமல் போனதால் கண்டான் என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

*

ஏ9 வீதியில் வான் ஓட்டுகிறவர், வயது 59

சின்னது ஒன்று. முறிகண்டிப் பிள்ளையாரில் நிற்பாட்டித் தேங்காய் உடைக்காமல் நான் ஒரு நாளும் தாண்டியது இல்லை, யார் அவசரம் என்றாலும். அதில் கச்சான் (நிலக்கடலை) விற்கிற ஒரு அம்மாவிடம் பல வருடமாக வறுத்த கச்சான் வாங்குகிறேன். அதிகம் கதைத்ததில்லை, காசைக் கொடுப்பேன், சரையை வாங்குவேன், அவ்வளவுதான். சென்ற மாதம் வறுத்ததைக் கேட்டேன். அவ அதைத் தராமல் அவித்ததை அள்ளிச் சுற்றித் தந்தா. "தம்பி ஒரு பக்கத்தால சப்புறீங்கள், ரெண்டு மூண்டு தரம் பாத்தனான். இது மெதுவா இருக்கும்."

பல் நோவை நான் வீட்டில் கூடச் சொல்லவில்லை. வானை எடுத்துக்கொண்டு மாங்குளம் வரும்வரை தொண்டைக்குள் என்னவோ செய்தது.

*

மடுவுக்குக் கிட்ட இருந்து, வயது 64

மடு மாதா கோவில் ஆவணித் திருநாளுக்கு மடுக் காட்டில் கொட்டில் போட்டுத் தங்குவது எங்கள் குடும்பத்துக்கு அம்மம்மா காலத்திலிருந்து வழமை. மடு மண் ஒரு சிமிழில் எப்போதும் வீட்டில் இருக்கும், பாம்புக் கடிக்குக் காவல் என்று நம்புவோம். 2008 இல் போருக்குள் மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய் வைத்திருந்த நாட்களில், நாங்களும் இடம் இடமாக ஓடினோம். அந்தச் சிமிழ் எங்கே விழுந்தது என்று தெரியாது. அதைத் தவறவிட்டேன் என்று என் மனிசன் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அவ்வளவு பக்தி அவருக்கு.

இப்போது அவருக்கு 73 வயது. மூன்று வருடமாக மறதி நோய். முதலில் நாள் கிழமை போனது, பிறகு மகளின் பெயர், போன வருடம் என் பெயரும் போனது. என்னைப் பார்த்து "பிள்ளை, உன்ர வீட்டுக்காரர் தேடப்போகினம், வீட்ட போ" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு சோறு ஊட்டுவது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் விளக்கு வைத்துச் செபமாலை சொல்லுவேன், தனியாக. அவர் கதிரையில் சும்மா இருப்பார். ஒரு நாள் நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றேன். அவர் சொல்லத் தொடங்கினார். "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று, ஒரு சொல் பிசகாமல், ஆமென் வரை. நாங்கள் இப்போது அந்தச் சொற்களில் சொல்வதில்லை, "அருள் நிறைந்த மரியே" என்று புதிய முறையில்தான் சொல்கிறோம். அவர் சொன்னது சின்னப் பொடியனாக அவருடைய தாய் மடியில் இருந்து படித்தது.

அன்றிலிருந்து நான் பழைய முறைக்கு மாறிவிட்டேன். எனக்கே மறந்து போயிருந்தது, அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் திருத்திக்கொண்டேன். ஐம்பத்து மூன்று மணியும் நான் பாதி, அவர் பாதி. முடிந்ததும் என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த அரை மணித்தியாலமும் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிறோம். கலியாணம் கட்டின புதிதில் கூட இவ்வளவு நேரம் அவர் என்னோடு கதைத்ததில்லை.

டீச்சர் எழுதியதைக் கண்டதும் இதை எழுத வேண்டும் போல இருந்தது. வேறு யாருக்கும் சொல்லவில்லை.

*

முள்ளியவளையிலிருந்து

மடுத் தங்கச்சி, உங்களுக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, குறை நினைக்காதீர்கள். செபமாலை சொல்லும் நேரம் எது என்று எழுதுங்கள். நான் சைவம்தான், ஆனாலும் அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பேரையும் நினைத்து என் விளக்கையும் ஏற்றுகிறேன்.

வெற்றிலை அம்மாவின் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தேன். நேற்று எடுத்தேன். வரும் வைகாசிக்கும் அதே மரத்தடிதான் என்று பேசிக்கொண்டோம். பாய் நான் கொண்டு போவேன். மகனையும் கூட்டி வருகிறாவாம், தண்ணீர் வாளிக் கதையை அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியாத கதையை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "நான் சொல்லித் தாறன், நீங்கள் பிறகு அவனுக்குச் சொல்லுங்கோ" என்றா.

முத்தையன்கட்டு ஐயா, அந்தக் குட்டி பிறகும் வந்ததா? தட்டிச் சாப்பிடப் பழகிவிட்டதா? கண்டால் பேத்தியிடம் சொல்லி இதில் எழுதுவியுங்கோ.