அப்பாவின் கிராணி நோட்டுகள்: பீஜிப்2 கோப்பில் ஓர் இடம் கெட்டால் எல்லாம் போய்விடுமா?

கிராணி மகள்:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். 1961 முதல் 1983 வரை 31 நோட்டுகள் எழுதி வைத்துப் போயிருக்கிறார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை பேர் வந்தார்கள், மழையால் பால்வெட்டு நின்றதா, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார்கள், எந்தப் பக்கம் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், எல்லாம் தமிழில். ஆபீஸ் கணக்கு ஆங்கிலத்தில் எங்கேயோ போய்விட்டது. எங்கள் ஆட்களின் பெயர் இருப்பது இந்த நோட்டுகளில்தான்.

கரையான் ஏறியதும் பயந்துபோய் மூன்று வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். மொத்தம் 6.4 எம்பி. அண்ணன் மகன் எல்லாவற்றையும் டார் என்ற ஒரே மூட்டைக் கோப்பாகக் கட்டி, பீஜிப்2 என்ற சுருக்கும் நிரலில் சுருக்கி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். 1 எம்பிக்கும் கீழே வந்துவிட்டது. போன வாரம் திறந்தால் சிஆர்சி பிழை என்று பாதியில் நிற்கிறது. பழைய லேப்டாப் செத்துவிட்டது.

6 எம்பி இவ்வளவு சின்னதாகும்போது எழுத்து எதுவும் தொலையாதா? ஓர் இடம் கெட்டதற்கு அத்தனையும் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஐந்தாங்கட்டை:

அக்கா, முதல் வேலையாக அந்தக் கோப்பை வேறு கணினியில் நகல் எடுங்கள். இனி பென்டிரைவில் எதையும் எழுத வேண்டாம். பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எழுத்து எதுவும் தொலையவில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘பெரட்டு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு, புள்ளி, உகரக்குறி எல்லாம் சேர்த்து 7 குறிகள், ஆக 21 பைட். அதில் ஒவ்வொரு குறியின் முதல் பைட்டும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டே வகை. மூன்றாவதில்தான் எழுத்து மாறுகிறது. அதனால் தமிழ் கோப்பில் சுருங்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அப்பா தினமும் அதே சொற்களை எழுதியதும் சேர்ந்துகொண்டது.

பீஜிப்2 செய்கிற முக்கியமான வேலை, 1994-இல் பரோஸ், வீலர் என்ற இருவர் வெளியிட்ட ஒரு முறை. கோப்பில் உள்ள ஒவ்வோர் இடத்தையும், அதற்குப் பிறகு என்ன வருகிறது என்பதை வைத்து அகராதி மாதிரி அடுக்கும். ‘ழை’ என்று தொடங்கும் இடங்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். அவற்றுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை மட்டும் வரிசையாக எழுதினால்? உங்கள் நோட்டில் ம, ம, ம, ம, இடையில் எங்காவது ‘வா’, மறுபடியும் ம, ம. (உள்ளே பைட் பைட்டாகத்தான் நடக்கிறது, புரிவதற்காக எழுத்தில் சொல்கிறேன்.) இப்படி ஒரே மாதிரியானவை கூட்டமாக நிற்கும். அப்புறம் அண்மையில் வந்த எழுத்துக்கு 0, அதற்கு முந்தியதற்கு 1 என்று எண் கொடுத்தால், நீளமான 0 வரிசைகள் கிடைக்கும். அவற்றை எண்ணிக்கையாகச் சுருக்கி, கடைசியில் 1952-இல் ஹஃப்மன் சொன்ன வழியில் அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடும் அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது திரும்பி வரும் வழி. கலைத்து அடுக்கிய அந்த வரிசையும், மூலக் கோப்பின் தொடக்கம் அந்த அடுக்கில் எத்தனையாவதாக நின்றது என்ற ஓர் எண்ணும் இருந்தால் போதும், முழுக் கோப்பும் ஒரு புள்ளி மாறாமல் எழுந்து வரும். படங்களைச் சுருக்கும் ஜேபெக்கில் கொஞ்சம் போய்விடும். இதில் போகாது.

இப்போது கெட்ட இடத்துக்கு வருகிறேன். ஜூலியன் சீவர்ட் 1996-இல் பீஜிப்2-ஐ வெளியிட்டபோது கோப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்தார். வழக்கமான அமைப்பில் ஒரு கட்டத்துக்கு 9,00,000 பைட். ஒவ்வொரு கட்டமும் 314159265359 என்ற குறியோடு தொடங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ‘பை’யேதான். அதையடுத்து அந்தக் கட்டத்துக்கு மட்டுமான சிஆர்சி, அதாவது உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் எண். கோப்பின் முடிவில் 177245385090, அது பையின் வர்க்கமூலம். ஆக உங்கள் 6.4 எம்பி ஏறக்குறைய 8 கட்டங்கள். ஒன்று கெட்டால் மற்ற ஏழும் தனித்தனியாக நிற்கும்.

பீஜிப்2-உடனேயே ‘பீஜிப்2 ரெகவர்’ என்று ஒரு கருவி வரும். அது பை குறியைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாக வெட்டித் தரும். எது நல்லது என்று சோதித்து, நல்லவற்றை வரிசை மாறாமல் விரியுங்கள். நடுவில் ஓட்டை விழுந்ததால் டார் கோப்பு அதற்குப் பிறகு ஒழுங்காகப் பிரியாமல் போகலாம். கவலை வேண்டாம். டார் எதையும் சுருக்காது, பெயரையும் உள்ளே இருப்பதையும் அப்படியே அடுக்கி வைக்கும். சாதாரண எடிட்டரில் திறந்தாலே அப்பா எழுதியதைப் படிக்கலாம். வெட்டு விழுந்த ஓரத்தில் ஓர் எழுத்து சிதைந்திருக்கும், அவ்வளவுதான்.

லூனாஸ்காரர்:

தம்பி சொன்னது சரி. ஆனால் 31 நோட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிப் என்றால் உள்ளே ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருங்கும், ஒவ்வொன்றுக்கும் தனி சிஆர்சி. ஒரு நோட்டு கெட்டால் அதோடு போகும். அளவு கொஞ்சம் கூடும், கூடட்டுமே.

ஐந்தாங்கட்டை:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. பீஜிப்2-இலும் நோட்டுக்கு ஒரு கோப்பாகச் சுருக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: 9,00,000 பைட்டுக்குக் குறைந்த கோப்பு முழுவதும் ஒரே கட்டம்தான், அதில் ரெகவர் உதவாது. சுருக்கும்போது நிலை 1 என்று கொடுத்தால் கட்டம் 1,00,000 பைட்டாகும். சிஆர்சி பிழை இருக்கிறது என்று சொல்லுமே தவிரத் திருத்தித் தராது. அதற்கு இன்னொரு நகல்தான் வேண்டும் அக்கா, வேறு வீட்டில்.

கிராணி மகள்:

தம்பி, நேற்று ராத்திரி அண்ணன் மகனைப் போனில் வைத்துக்கொண்டு செய்தேன். 8 துண்டு வந்தது. 7 நல்லது, நான்காவது போய்விட்டது. எடிட்டரில் திறந்ததும் 14ஆம் நோட்டின் பாதியில் அப்பாவின் ஒரு வாக்கியம் அறுந்து, அடுத்த வரியே 18ஆம் நோட்டு. அதற்குப் பிறகு 31 வரை அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

14, 15, 17, 18 தாளில் நன்றாக இருக்கின்றன. 16ஐத்தான் கரையான் ஓரமெல்லாம் தின்றிருக்கிறது. அப்போது பெயர்களை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். அம்மா இப்போது இல்லை. அதே லயத்தில் இருந்த ஒரு பெரியம்மா தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். கோப்புகளை நோட்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டேன். கிள்ளானில் இருக்கும் தங்கைக்கு ஒரு நகல் இன்றைக்கே போகிறது.