அலனின் கலந்த கே.டி.பி. படிகம்: வழிகாட்ட முடியுமா?

வணக்கம். கோவையில் இயற்பியல் ஆய்வு மாணவி நான். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் (கே.டி.பி.) 1 மோல் சதவீதம் எல்-அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கலந்து, நீரை மெதுவாக ஆவியாக விட்டுப் படிகம் வளர்க்கிறேன். விதைப் படிகங்கள் தெளிவாகவே வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாட்களில்தான் சிக்கல். பகலில் சூடு ஏறினால் விளிம்பு கரைகிறது, இரவில் அவசரமாகப் படிந்து உள்ளே வெண்மை தங்கிவிடுகிறது. ஈரோடு, திருச்செங்கோடு பக்கம் யாருடைய ஆய்வகத்திலாவது நிலைவெப்பத் தொட்டியில் கொஞ்சம் இடம் கிடைக்குமா?

இதைவிட முக்கியமான கேள்வி: அலனின் படிகத்துக்குள் போனதா, கரைசலிலேயே நின்றுவிட்டதா? எஃப்.டி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்பு நிறமாலையில் பாஸ்பேட் பட்டைகளே எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. அதை மட்டும் நம்பிக் கட்டுரை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. தூய கே.டி.பி.யில் கார்பனும் நைட்ரஜனும் கிடையாது. ஆகவே கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அளவைக் காட்டும் சி.எச்.என். பகுப்பாய்வு உதவலாம், ஆனால் இவ்வளவு குறைந்த அளவை அது பிடிக்குமா? மேற்பரப்பைக் கழுவி, படிகத்தைக் கரைத்து, அமினோ அமிலத்தோடு நின்ஹைட்ரின் தரும் ஊதா நிறத்தை அளந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் குர்ட்ஸ்-பெர்ரி சோதனை, அதாவது படிகத்தூள் லேசர் ஒளியின் அதிர்வெண்ணை எவ்வளவு திறமையாக இரட்டிப்பாக்குகிறது என்று பார்ப்பது. 1064 நானோமீட்டர் லேசரில் 532 பச்சை ஒளியை அளக்க வேண்டும். தூய கே.டி.பி.யையும் அதே சல்லடையில் சலித்து ஒப்பிட விடும் ஆய்வகம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்க.